ஐந்து மாதத்திலேயே தேய்ந்த பேட்: ரம்பொடை இறக்கத்தில் கத்திய ஒரு பிரேக்கின் ஆய்வு

நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கிய ஒரு சிறிய ஜப்பானியக் கார், ரம்பொடை வளைவுகளில் வலது முன்சில்லில் கரகரவென்ற உரசலோடு ஓரங்கட்டப்பட்டது. நான்கு பேர் பயணம். சில்லிலிருந்து கருகல் வாடை. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய், பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று இருந்தது. பெட்ரோல் எஞ்சின், தானாக மாறும் சிவிடி கியர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் ட்ரம் பிரேக். மலையகத்தில் நூற்றுக்கணக்கில் ஓடுகிற வகைதான்.

முன் பேட்கள் (டிஸ்கை இருபுறமும் கவ்வும் உராய்வுக் கட்டைகள்) ஐந்து மாதங்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தன. ஓடியது ஏறத்தாழ 5,500 கிலோமீற்றர். அதனால் கோளாறு பேட்டில் இருக்க முடியாது என்று உரிமையாளர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் மூன்று கிழமைகள் வீணாகின.

“பேட் புதுசுதான் அண்ணே. நடுவுல ஒரு தரம் கீச்சு கீச்சுனு கத்துச்சு. வழியில ஒரு இடத்துல காட்டினேன், சத்தம் நின்னுருச்சு.”

“எப்ப கத்துச்சு தம்பி? பிரேக் அமத்தும்போதா, அமத்தாம ஓடும்போதேவா?”

“ஓடும்போதே கத்திக்கிட்டே வந்துச்சு. அமத்தினா கொஞ்சம் மாறும்.”

இந்தப் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போதே தொடர்ந்து வரும் மெல்லிய கீச்சொலி, பிரேக் அமத்தினால் மாறுகிறது அல்லது நிற்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டின் தேய்மானக் கம்பியை. பேட்டின் பின்தகட்டில் பொருத்தியிருக்கும் சிறிய எஃகு நாக்கு அது. உராய்வுப் பொருள் 2 முதல் 3 மி.மீ. அளவுக்கு இறங்கியதும் டிஸ்கைத் தொட்டு ஓசை எழுப்பும். சத்தம் போடவே வைத்த பாகம் அது. சில்லைக் கழற்றியபோது வலது உள்பக்கப் பேட்டில் அந்த நாக்கு பின்னோக்கி வளைக்கப்பட்டிருந்தது. முன்பு பார்த்தவர் சத்தத்தை நிறுத்தினார், பேட்டின் கனத்தை அளக்கவில்லை. மலைப்பாதையில் ஓடும் வாகனத்துக்குச் செய்யக்கூடிய மிக ஆபத்தான வேலைகளில் இதுவும் ஒன்று. வளைத்தவர் கெட்ட நோக்கத்தில் செய்திருக்க மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காரில் எச்சரிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை.

அளந்து பார்த்தபோது

இந்தக் காரில் புதுப் பேட்டின் உராய்வுப் பொருள் 10 மி.மீ. கனம். பின்தகட்டைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு “இன்னும் நிறைய இருக்கு” என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. இடது உள்பேட் 6.5, இடது வெளிப்பேட் 7, வலது வெளிப்பேட் 7.5 மி.மீ. வலது உள்பேட்டின் ஒரு முனையில் 1.2 மி.மீ.; மறு முனையில் எதுவுமே இல்லை. பின்தகட்டு இரும்பு நேராக டிஸ்கில் உரசி, உள்முகத்தில் 0.6 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் போட்டிருந்தது.

சில்லின் துளைகள் வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பேட் மட்டுமே. இந்தக் காரில் அது 7.5 மி.மீ. இருந்தது, பார்க்கிற எவருக்கும் நல்ல பேட். இறங்கிப்போய்க்கொண்டிருந்தது உள்பக்கம். சில்லைக் கழற்றாமல் செய்யும் பேட் பரிசோதனையை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நான்கு பேட்டும் ஒரேயளவாகத் தேய்ந்திருந்தால் அது பாவனையால் வரும் சாதாரணத் தேய்மானம். ஒன்று மட்டும் முந்திப் போயிருந்தால் அதைத் தேய்த்தது வேறொரு கோளாறு; அதை விட்டுவிட்டுப் போடும் புதுப் பேட்டும் அதே வழிக்குத்தான் போகும். ஐந்து மாதம் முன்பு நடந்ததும் இதுவே.

காரணம் எங்கே இருந்தது

உள்பேட் மட்டும் தேய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, பேட்களைத் தாங்கி டிஸ்கில் அழுத்தும் கலிப்பரின் பிஸ்டன் துருவேறி, பிரேக்கை விட்டபிறகும் பின்வாங்காமல் நிற்பது. மற்றது, கலிப்பர் சறுக்கும் ஸ்லைட் பின்கள் இறுகிவிடுவது. இரண்டையும் பிரித்தறிய அதிக நேரம் எடுக்காது. பழைய பேட்டை வைத்து, சீ-கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே அழுத்த வேண்டும். சீராக உள்ளே போனால் பிஸ்டன் நல்லது. பிறகு கலிப்பரைத் தூக்கி, பின்களைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். விரலால் தள்ளினாலே நகர வேண்டும்.

இங்கே பிஸ்டன் சீராகப் போனது. மேல் பின் நகர்ந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே தண்ணீரும் செம்மண்ணும் சேர்ந்து துருவாகியிருந்தன. ஒரு பின் மட்டும் இறுகியதால்தான் பேட்டின் ஒரு முனை அதிகமாகவும் மறுமுனை குறைவாகவும் சரிவாகத் தேய்ந்தது. கலிப்பர் சறுக்காததால் வெளிப்பேட் டிஸ்கைச் சரியாகப் பிடிக்கவில்லை, உள்பேட் விடவே இல்லை. பிரேக் பிடிக்கும்போது கார் இலேசாக இடப்பக்கம் இழுத்ததும், ஓட்டத்துக்குப் பிறகு வலது சில்லு மட்டும் அதிகம் சுட்டதும் அதனால்தான்.

அந்த உறைக்குள்ளிருந்த பழைய கிரீஸ் சாதாரண பேரிங் கிரீஸ். கனிம எண்ணெயில் செய்த கிரீஸ் இந்த வகை ரப்பரை ஊதவைக்கும். ஊதிய ரப்பர் பின்னைக் கவ்விப் பிடிக்கும், பிறகு வெடிக்கும். ஸ்லைட் பின்னுக்குப் போட வேண்டியது பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிரீஸ். ஒரு சிறு பைக்கற் நான்கு பின்களுக்கும் போதும். எவ்வளவோ செலவழித்து ரீகண்டிஷன் கார் வாங்குகிறவர்கள், இந்தச் சிறு பைக்கற் இல்லாததால் டிஸ்க் மாற்றுகிறார்கள்.

பிரேக் ஒயிலின் நிறம் பிளேன்டீக்குச் சமமாக இருந்தது. சோதனைக் கருவி 3 வீதத்துக்கு மேல் நீர் காட்டியது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். பனிமூட்டமும் மழையும் மாறாத நுவரெலியா போன்ற இடத்தில் அதை இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. டொட் 3 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 வீதம் நீர் சேர்ந்தபின் தரநிலை கேட்பது 140 பாகை மட்டுமே. டொட் 4 ஒயிலுக்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் கலிப்பருக்குள் ஒயில் கொதித்தால் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கும். அதனால்தான் பெடல் மெத்தென்று கீழே போனது. வலது பேட் ஓயாமல் உரசிக் கிளப்பிய சூடும், பழைய ஒயிலும் ஒன்றுசேர்ந்த விளைவு அது. இன்னும் ஐந்தாறு வளைவு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பின் ட்ரம்களையும் திறந்தாக வேண்டும். பலர் திறப்பதில்லை. இங்கே இடது பின் ட்ரம்மின் தானியங்கி அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது. ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடினால் பெடல் தாழும், பின்பக்கம் செய்ய வேண்டிய வேலையையும் முன்பக்கமே சுமக்கும்.

மலை இறக்கம் பிரேக்கிடம் என்ன கேட்கிறது

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய சக்தி 17 மெகாஜூல் அளவு. அதே காரை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து தொண்ணூறு தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பெரும் பங்கை டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பங்குபோட வேண்டும். கியரை “டி”யில் (சாதாரண ஓட்ட நிலையில்) விட்டுவிட்டு, பெடலில் கால் வைத்தபடியே இறங்கினால் எஞ்சினின் பங்கும் பிரேக்கின் தலையில் விழும். இந்தக் கார் அப்படித்தான் இறக்கப்பட்டது.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லொறி சாரதிகள் சொல்லும் சொல். மெனுவல் காரில் செங்குத்தான இடத்தில் இரண்டாம் கியர். சிவிடியில் தாழ் கியராக இயங்கும் “எல்” அல்லது “எஸ்”. எஞ்சின் இரைவதைக் கேட்டுப் பயந்து மறுபடி “டி”க்கு மாற்றுகிறார்கள்; மீற்றரின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்த இரைச்சலால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட வேண்டும். இலேசாகத் தொட்டுக்கொண்டே வருவது டிஸ்குக்கு ஆற அவகாசமே கொடுக்காது.

வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பாதையோரப் பீலியில் தண்ணீர் பிடித்துச் சில்லில் ஊற்றுவது மிகத் தவறு. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணலாகும், வெடிக்கவும் கூடும்.

எந்தச் சத்தம் என்ன சொல்கிறது

எல்லாச் சத்தமும் பேட் முடிந்ததன் அடையாளமில்லை. இரவு முழுவதும் பனியில் நின்ற காரை விடியற்காலையில் எடுத்தால், முதல் நாலைந்து பிரேக்குக்கு ‘ஷ்ஷ்’ என்ற உரசல் கேட்கும். டிஸ்கில் படிந்த மெல்லிய துருப்படலம் அது, தானாகப் போய்விடும். அதற்காகப் பேட் மாற்றுவது வீண்செலவு. ஆனால் ஒரு கிழமைக்கு மேல் ஓடாமல் நின்ற காரில் துரு ஆழமாகிவிடும். பத்து கிலோமீற்றர் ஓடியும் சத்தம் போகாவிட்டால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மெதுவாக அமத்தும்போது மட்டும் கீச்சிட்டு, அழுத்திப் பிடித்தால் அடங்குவது பேட்டின் அதிர்வு. பேட்டுக்கும் டிஸ்குக்கும் இடையே ஒட்டுதலும் வழுக்குதலும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை மாறிமாறி நடப்பதால் எழும் ஒலி. பின்தகட்டில் அதிர்வைத் தடுக்கும் ஷிம் தகடு விடுபட்டிருக்கும், அல்லது பேட்டின் முகம் சூட்டில் பளபளத்து இறுகியிருக்கும். எரிச்சலூட்டும், உடனடி ஆபத்தில்லை. இரும்போடு இரும்பு அரைக்கும் கரகரப்பு முற்றிலும் வேறு. அது கேட்டபின் அந்த வாகனம் இறக்கத்தில் போகக்கூடாது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

தோட்டப் பாதைகளில் ஓடும் கார்களில் இன்னொன்று அடிக்கடி வரும். பிரேக் அமத்தினாலும் அமத்தாவிட்டாலும் மாறாத, காதைக் கிழிக்கும் கிரீச். பெரும்பாலும் டிஸ்குக்கும் பின்னாலிருக்கும் தகரக் காப்புக்கும் நடுவே சிக்கிய சிறு கல். காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாலே சிலவேளை விழுந்துவிடும். குண்டு குழியில் ‘கடகட’ என்று அடித்து, பிரேக் தொட்டதும் நின்றால் பேட்டைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் இல்லை அல்லது தளர்ந்திருக்கிறது. பெடல் காலை உதைத்து உதைத்துத் துடித்தால் டிஸ்கின் கனம் சுற்றெங்கும் ஒன்றாக இல்லை, 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும்.

பேட்டை எப்போது மாற்ற வேண்டும்? சில தயாரிப்பாளர்கள் 1 மி.மீ. வரை அனுமதிக்கிறார்கள், கராஜ்களில் பொதுவாகச் சொல்வது 3 மி.மீ. மலையகத்தில் தினம் ஏறி இறங்கும் காருக்கு 4 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுவதே சரி. மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காமல் பிஸ்டனுக்கும் ஒயிலுக்கும் கடத்திவிடும். அந்த ஒரு மி.மீ.யில் மிச்சம்பிடிக்கும் காசு பெரிதல்ல. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, நான்கு சில்லையும் கழற்றி அளக்க வேண்டும். தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது கேட்பது காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும்தான். பிரேக்கை அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை.

செய்த வேலை

வலது டிஸ்கின் விளிம்பில் பொறித்திருந்த குறைந்தபட்சக் கனம் 18 மி.மீ.; அளந்தது 18.7. லேத்தில் கடைந்து 0.6 மி.மீ. பள்ளத்தை எடுத்து, வெளிமுகத்தையும் சீராக்கினால் எல்லைக்குக் கீழே போய்விடும். ஆகவே புது டிஸ்க். இடது டிஸ்க் 19.4 மி.மீ., தனியாகப் பார்த்தால் நல்லது. ஆனாலும் இரண்டையும் ஒன்றாக மாற்றினார்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிடிப்பு வேறுபட்டு, ஈரமான வளைவில் கார் ஒரு பக்கம் இழுக்கும். பேட்டும் அப்படித்தான்: ஒரு அச்சின் நான்கும் ஒன்றாக.

புது டிஸ்கை ஏற்றுமுன், அது பொருந்தும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று ஆக்க வேண்டும். ஒரு சிறு துருச்சில்லு அடியில் அகப்பட்டாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றும். டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இங்கே 0.03. டிஸ்கில் பூசிவரும் காப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். பழைய தூசை ஏர் ஹோஸால் ஊதக்கூடாது. பழைய லைனர்களில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. முகக்கவசம் அணிந்து ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

நான்கு ஸ்லைட் பின்களும் ரப்பர் உறைகளும் புதிதாகப் போடப்பட்டன. இறுகிய பின் இருந்த துளையை வட்டப் பிரஷால் சுத்தம்செய்து, சிலிக்கன் கிரீஸ் மெல்லிய படலமாகப் பூசப்பட்டது. நிறையப் போட்டால் காற்று அடைபட்டு பின் தானாக வெளியே தள்ளும். சில கலிப்பர்களில் ஒரு பின்னுக்கு மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். அதற்கு மேலா கீழா என்று குறித்த இடம் உண்டு. மாற்றிப் போட்டால் மறுபடியும் இறுகும்.

பேட்டின் காதுகள் உட்காரும் எஃகுக் கிளிப்புகளைக் கழற்றி, அடியில் வளர்ந்த துருவைச் சுரண்டினார்கள். இந்தத் துருவைச் சுரண்டாமல் பேட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. பேட் கையால் சறுக்க வேண்டும். தட்டி ஏற்றிய பேட் திரும்பி வராது.

பிஸ்டனைப் பின்தள்ளும்போது பிளீடர் நட்டைத் திறந்து, குழாய் வழியே அழுக்கு ஒயிலை வெளியே விட வேண்டும். மூடியபடி தள்ளினால் கலிப்பரின் கசடு முழுவதும், சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அலகுக்குள் போய்ச்சேரும். முறுக்கு விசைக்கு கையேட்டில் உள்ளதே இறுதி. இத்தகைய சிறிய கார்களில் ஸ்லைட் பின் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் மீற்றர், சில்லு நட்டுக்கு 85 முதல் 105. ஒயில் முழுவதும் டொட் 4க்கு மாற்றப்பட்டது. சீல் உடைக்காத புது ஒரு லீற்றர் போத்தல். பாதி பாவித்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த போத்தலை ஊற்றக்கூடாது. பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். பின் ட்ரம்மின் அட்ஜஸ்டர் கழற்றிச் சுத்தம்செய்யப்பட்டு, ஷூ ட்ரம்மை இலேசாகத் தொடும் அளவுக்கு ஏற்றப்பட்டது.

எல்லாம் பூட்டியபின், எஞ்சினை இயக்கி, காரை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பின்தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை பிரேக் கிடையாது. வாசலே சரிவாக இருக்கும் ஹட்டன், தலவாக்கலைக் கராஜ்களில் இதை மறந்தால் முதல் நகர்விலேயே விபத்து.

பேட் தேர்வில் ஒரு சொல். பேட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்க்க வேண்டும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது கடுஞ்சூட்டில். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்த பேட், சூட்டில் பிடி தளரும் பேட். மலைக்கு ‘எஃப்எஃப்’க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் பக்கத்துக் கடையில் வாங்கினாலும், குறியீடே இல்லாத பேட்டை விலைக்காக எடுக்க வேண்டாம்.

புதுப் பேட்டைப் பழக்க வேண்டும். பஸ்கள் கிளம்புமுன், சமதளமான வெறும் பாதையில், 60இலிருந்து 10 கிலோமீற்றர் வேகத்துக்கு மிதமான அழுத்தத்தில் குறைப்பது எட்டுப் பத்துத் தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது, பேட்டின் பொருள் ஒரே இடத்தில் டிஸ்கில் ஒட்டிவிடும். பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே இறக்கத்தில் விட்டால் பேட் பளபளத்து, அந்தக் கீச்சொலி முதல் கிழமையிலேயே வரும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் சிறு மாற்றம். மோட்டார் பெரும்பாலான வேகக் குறைப்பைச் செய்வதால் பேட் நீண்டகாலம் வரும். ஆனால் பாவனை குறைவதாலேயே ஸ்லைட் பின்னும் டிஸ்கும் துருப்பிடிக்கும். பேட் கனமாக இருக்கிறதே என்று பின்களை விட்டுவிடக்கூடாது; வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி கிரீஸ் போட வேண்டும். நீண்ட இறக்கத்தில் பெரிய பற்றரி நிறைந்துவிட்டால் மோட்டாரின் உதவி நிற்கும், பாரம் முழுவதும் பேட்டுக்கு வரும். எஞ்சினைக் கொண்டு வேகம் குறைக்கும் “பி” (ஆங்கில B) நிலையை முதலிலேயே போட்டு இறங்குவது அதற்காக. பேட் மாற்றும்போதும் கவனம் தேவை. பல ஹைபிரிட்களில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக அழுத்தம் ஏற்றும். கலிப்பர் கழன்றிருக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே பாயும், விரல் போகும். கையேட்டில் சொன்ன முறைப்படி அதை முடக்கியபிறகே கைவைக்க வேண்டும்.

இந்தக் கார் 1,000 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி திறந்து அளக்கப்பட்டது. வலது உள்பேட் 9.6, வெளிப்பேட் 9.7, இடப்பக்கம் இரண்டும் 9.7. நான்கு பின்களும் விரலால் நகர்ந்தன. பெடல் உயரம் மாறவில்லை. லபுக்கலையிலிருந்து “எல்”லில் இறங்கிவந்து அளந்தபோது இரு முன்சில்லுக்கும் சூட்டு வித்தியாசம் 10 பாகைக்குள். அடுத்த அளவீடு 5,000 கிலோமீற்றரில் என்று பேட் அளவுகளோடு துண்டில் எழுதி, டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள்.